பழைய பெட்டியில் வந்த பச்சை

எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை ஒன்றே ஒன்றுதான்: திசு வளர்ப்பு ஆய்வகம். அதன் கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை தொங்கும். மனிதர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். பூஞ்சைக்குப் படிக்கத் தெரியாது. அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த அறையில் பத்தொன்பது வருடம் 'தற்காலிகமாக' வேலை பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் துறைத் தலைவரிலிருந்து கேட் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் இடுக்கியக்காதான். மெல்லிய எஃகு இடுக்கி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பேசும்போதுகூட இரண்டு விரலைச் சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பார், எதையோ எடுத்து எங்கோ வைப்பதைப் போல.

நான் அங்கே கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. ஆய்வகம் ஒரு பொருள் வேண்டும் என்று எழுதிக் கேட்டால், அது ஏன் இப்போதைக்கு வேண்டாம் என்று யோசித்துப் பதில் எழுதுவது என் வேலை. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்பட அதில் அதிகம் இல்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்தது பாட்டில் கழுவ. அப்போது முப்பது வயது இருக்கும், பள்ளிப் படிப்போடு நின்றவர். மூன்று மாத வேலை என்று உத்தரவு. மூன்று மாதம் முடிந்ததும் ஒரு நாள் நிறுத்திவிட்டு மறுநாள் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாள் அவர் வேலையில் இல்லை என்பதற்குக் கோப்பில் ஆதாரம் இருக்கும். அன்றும் வந்து உட்கார்ந்திருந்தார் என்பதற்கு ஆய்வகத் தட்டுகளில் ஆதாரம் இருக்கும். எங்கள் நிலையத்தில் நிரந்தரமானவை இரண்டு: கூட்ட அறைக் கூரையின் ஒழுகல், தற்காலிக ஊழியர்கள்.

பாட்டில் கழுவ வந்தவர் கையில் இடுக்கி ஏறியது ஓர் ஆராய்ச்சி மாணவரின் புண்ணியத்தில். அவருக்குக் கை நடுங்கும். "அக்கா, இதை ஒரு நிமிஷம் பிடிங்களேன்" என்று கொடுத்தவர், அந்த ஒரு நிமிஷத்தை நாலு வருஷமாக நீட்டி, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வேலை இதுதான். நெற்கதிர் வெளியே எட்டிப் பார்ப்பதற்குச் சில நாள் முன்பு, தண்டுக்குள் பொதிந்திருக்கும்போதே அறுத்து வர வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் வீண். கொஞ்ச நாள் குளிரில் வைக்க வேண்டும். பிறகு காற்றை வடிகட்டி அனுப்பும் ஒரு கண்ணாடி மேசையின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவுக்குள்ளும் இருக்கிற ஆறு மகரந்தப் பைகளைக் கிழியாமல் எடுத்து, வட்டத் தட்டில் உறைந்திருக்கும் ஊட்டக் கூழின் மேல் போட வேண்டும். ஒரு பை ஒரு தூசி அளவு. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பை. இருட்டில் ஐந்தாறு வாரம் கிடந்தபின், ஏதோ நூற்றில் ஒன்று பிளந்து கடுகளவு ஒரு மஞ்சள் கட்டியைத் தள்ளும். அதை வேறு கூழுக்கு மாற்றி வெளிச்சத்தில் வைத்தால் இலை விடும். விதையே இல்லாமல், மகரந்தத்திலிருந்து ஒரு முழு நெற்செடி.

இதனால் என்ன லாபம் என்று நானும் ஒரு தடவை கேட்டேன். இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு சாடையில் பிறக்கும். எல்லாம் ஒரே சீராக நிற்க ஏழெட்டுத் தலைமுறை ஆகும். இந்த வழியில் போனால் ஒரே தாவல். பிறக்கும் செடி அப்படியே நிலைத்துவிடும். ஏழெட்டு வருட வேலை ஒன்றரை வருடத்தில். அதாவது, எங்கள் நிலையத்தில் ஒரு கோப்பு மாடியிலிருந்து கீழே இறங்கி வரும் நேரத்தில்.

துறைத் தலைவரின் கனவு, உப்பேறிய நிலத்தில் தாக்குப்பிடிக்கும் ஒரு நெல். கனவு நல்ல கனவுதான். ஒரே சிக்கல், தட்டில் முளைத்த செடிகள் எல்லாம் வெள்ளை. வெளிறல், மஞ்சள் என்றெல்லாம் இல்லை, காகித வெள்ளை. பச்சையம் இல்லாத செடி, கூழ் இருக்கும்வரை ஓசியில் சாப்பிடும். மண்ணில் நட்டால் நாலு நாளில் போய்விடும். அக்கா ஆறு வருடம் வெள்ளைச் செடிகளை உருவாக்கி, எண்ணி, எழுதி, குப்பையில் கொட்டினார். துறைத் தலைவர் அதற்கு 'நிறமிலா மறுவுருவாக்கம்' என்று பெயர் சூட்டி மூன்று கருத்தரங்குகளுக்குப் போய் வந்தார்.

அப்போதுதான் ஃப்ரிட்ஜ் கெட்டது.

கதிர்களைக் குளிரில் வைக்கும் பெட்டி அது. நாலு டிகிரியில் இருக்க வேண்டியது பத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. கதவு ரப்பரும் தொங்கிவிட்டது. ஆய்வகம் புதுப்பெட்டி கேட்டு எனக்கு எழுதியது. நான் பதில் எழுதினேன்: 'பெட்டி சரியாகக் குளிரவில்லை என்று குறிப்பிட்டுள்ளீர்கள். சரியாக என்பதற்கு விளக்கம் தேவை.' அவர்கள் விளக்கினார்கள். 'பழுது பார்க்க இயலாது என்பதற்குச் சான்று தேவை' என்றேன். சான்று வந்தது. சான்றில் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பினேன். இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, எல்லாம் பழக்கதோஷம்.

வேடிக்கை என்னவென்றால் அக்காவின் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "நான் வந்து அரை மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்று அவர் சொல்லாத வாரம் இல்லை. வெளியாள் அலுவலகப் பொருளைத் தொடக் கூடாது என்பது விதி. அந்த விதியையும் நான்தான் எடுத்துக் காட்டினேன்.

பெட்டி கெட்டு ஐந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை அக்கா வெளிச்ச அறையில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு தட்டின் முன் நின்றுவிட்டார். மூடியைத் திறக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் துறைத் தலைவரின் அறை வாசலில் போய் நின்றார்.

"சார், ஒரு தட்டுல பச்சையா வந்திருக்கு."

"மறுபடியும் பூஞ்சையா?" அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"இல்ல சார். இலை."

அவர் ஓடிய ஓட்டத்தில் செருப்போடு உள்ளே போய்விட்டார். தட்டில் அரை விரல் நீளத்துக்கு மூன்று இலை, கிளிப் பச்சை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றதையும், பிறகு கழுவும் தொட்டிப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டதையும் மாணவர்கள் சொன்னார்கள். நான் கேட்டபோது, "தூசி சார், கண்ணுல" என்றார். நாட்டிலேயே தூசி இல்லாத அறை அது என்று நாங்கள் அறிக்கைகளில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் முப்பத்தொரு பச்சைச் செடி வந்தது. அடுத்த வருடம் இன்னும் அதிகம். துறைத் தலைவர் கட்டுரை எழுத உட்கார்ந்தார். அக்காவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. தினமும் காலையில் வந்ததும் எந்த வயலிலிருந்து எத்தனை கதிர், எத்தனை பை, பெட்டியில் எத்தனை டிகிரி என்று அதில் எழுதிவிடுவார். யாரும் எழுதச் சொன்னதில்லை. தலைவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, பத்து, பதினொண்ணுன்னு போட்டிருக்கே?"

"அதுதான் சார் காட்டுது. ஃப்ரிட்ஜ் கெட்டுக் கிடக்கில்ல."

"கெட்டுப்போன ஃப்ரிட்ஜ்ல வெச்சோம்னு எழுதினா படிக்கிறவன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்? நாலு டிகிரின்னே இருக்கட்டும். வழக்கமா அதுதானே?"

அக்கா நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எதையும் திருத்தவில்லை. கட்டுரை வெளிவந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி இருந்தால் தெரியும் எழுத்தில், 'ஆய்வக ஊழியர்களுக்கும் நன்றி' என்று இருந்தது. ஆய்வகத்தில் ஊழியர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். 'ஊழியர்களுக்கு' என்று பன்மையில் போட்டுக் கௌரவப்படுத்தியிருந்தார்கள் போல.

கட்டுரையின் புகழால் மேலிடத்திலிருந்து என் பிரிவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. 'உலகத்தரம் வாய்ந்த ஆய்வகத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கித் தர வக்கில்லையா' என்றது குரல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பணிக்காலத்திலேயே முதல் முறையாகச் சுறுசுறுப்பாக வேலை பார்த்தேன். பதினெட்டே நாளில் புதுப்பெட்டி வந்து இறங்கியது. எண்கள் ஒளிரும் கதவு. நாலு டிகிரி என்றால் நாலேதான். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். பழைய பெட்டியை 'பயனற்றது' என்று முத்திரை குத்திப் பின்பக்கத் தளவாடக் கொட்டகையில் போட்டோம். அங்கே தோட்டக்காரர் அதற்குள் ரப்பர் குழாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

என் சுறுசுறுப்பின் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. பச்சை நின்றுவிட்டது.

பாதித் தட்டுகளில் ஒன்றுமே வரவில்லை. வந்தவை வெள்ளை. அடுத்த தொகுதியும் வெள்ளை. இதற்கிடையில் வேறொரு ஆய்வு மையத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம்: 'தங்கள் கட்டுரையில் சொன்னபடியே செய்தோம். வெள்ளைதான் வருகிறது. ஏதேனும் விடுபட்டுள்ளதா?' இன்னும் ஐந்து மாதத்தில் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்ற தகவலும் அதே வாரம் வந்தது.

எங்கள் நிலையம் எந்தப் பிரச்சினையையும் அலட்சியப்படுத்துவதில்லை. உடனே ஒரு குழு அமைத்துவிடும். ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு ஆய்வகத்துக்கு வந்தது. தண்ணீரைச் சந்தேகித்தார்கள், ரசாயனத்தைச் சந்தேகித்தார்கள், மின்விளக்கைச் சந்தேகித்தார்கள். புதுப்பெட்டியைத் தடவிப் பார்த்து, "இது அருமையா இருக்கு" என்று பாராட்டினார்கள். கடைசியாக அக்காவைப் பார்த்தார்கள். மாணவர்கள் எதிரிலேயே அவரை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் உள்ளங்கையைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. அக்காவின் கையில் ஒரு கிருமியும் இல்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த குழுத் தலைவரின் பேனாவில் மூன்று வகைப் பூஞ்சை இருந்தது.

ஆனாலும் யாராவது ஒருவர் விளக்கம் கொடுத்தாக வேண்டுமல்லவா? 'தங்கள் பணியிடத்தில் தொடர்ந்து வெள்ளைச் செடிகள் உருவாவது குறித்து மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்' என்று அக்காவுக்குக் குறிப்பாணை போனது. ஆறு வருடம் வெள்ளைச் செடி வந்தபோது கருத்தரங்கு, இப்போது குறிப்பாணை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்காவின் வீட்டு முன்னறையில் பாதி, வீட்டுக்காரரின் கடை. பிரித்துப் போட்ட கம்ப்ரஸர்கள், செம்புக் குழாய்கள், கதவில்லாத இரண்டு ஃப்ரிட்ஜ். நடுவில் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா குறிப்பாணையை அவர் மடியில் போட்டார். இதெல்லாம் அக்காவே பின்னால் எனக்குச் சொன்னது.

அவர் இரண்டு தடவை படித்தார். "வெள்ளையா வந்ததுக்கு நீ என்ன பண்ணுவே? நீ என்ன சாயமா அடிக்கிறே?"

"கையத் துடைச்சுப் பார்த்தாங்க. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆறுதல் சொல்லத் தெரிந்த ஆளில்லை. தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார். எந்த வாடிக்கையாளரிடமும் முதலில் கேட்பது அதைத்தான். "நல்லாத்தானே ஓடிட்டிருந்துது? எப்பலேருந்து இப்படி?"

"அது... மூணு நாலு மாசமா."

"அதுக்கு முன்னாடி என்ன மாத்தினீங்க? புதுசா ஏதாவது?"

அக்கா சட்டென்று எழுந்தார். உள்ளே போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து வந்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பெட்டி கெடுவதற்கு முன் நாலு, நாலு, நாலு, எல்லாம் வெள்ளை. பத்து, பதினொன்று, பத்து, பச்சை. மறுபடி நாலு, மறுபடி வெள்ளை. ஒரு பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஐந்து பேர் குழுவுக்குத்தான் கஷ்டம்.

"இருபத்தஞ்சு வருஷமா ஃப்ரிட்ஜ் வேலை பாக்கறேன்," என்றார் வீட்டுக்காரர். "நல்லா ஓடறதால பிரச்சினைன்னு வந்த முதல் கேஸ் உன்னுதுதான்."

திங்கட்கிழமை அக்கா துறைத் தலைவரிடம் போனார். புதுப்பெட்டியைப் பத்து டிகிரிக்கு ஏற்றலாமா என்று கேட்டார். அவர் பேனாவை மூடினார்.

"கட்டுரைல என்ன போட்டிருக்கு?"

"நாலுன்னு போட்டிருக்கு சார்."

"யார் எழுதினது?"

"நீங்க சார்."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' என்பதைக் கேட்டதும் அக்கா நோட்டோடு வெளியேறினார். என் மேசைக்கு வந்தார். அதுவரை என் மேசைக்கு அவர் வந்ததே இல்லை. தற்காலிக ஊழியர்கள் கொள்முதல் பிரிவுக்கு வர விண்ணப்பம் தேவை. நின்றுகொண்டே நோட்டைப் பிரித்து என் முன் வைத்தார்.

"சார், நீங்க தூக்கிப் போட்டீங்களே அந்தப் பழைய பெட்டி, அது எனக்கு ஒரு பதினஞ்சு நாளைக்கு வேணும்."

"அது ஏலத்துக்குப் போகப்போகுது அக்கா. தொடக் கூடாது."

"எப்ப போகும்?"

நான் கோப்பைப் பார்த்தேன். கோப்பு என்னிடம்தான் இருந்தது. என்னிடம் இருந்தால் எப்போது போகும் என்று எனக்கே தெரியும். நோட்டையும் பார்த்தேன். நான் அவசர அவசரமாக வாங்கிப் போட்ட அந்தப் பதினெட்டு நாளும் அதில் ஒரு கோடாகத் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் வெள்ளை. எதையும் தாமதம் செய்யாமல் செய்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம். அதுவும் இப்படி.

ஒரு தாள் எடுத்து எழுதினேன்: 'ஏலத்துக்கு முன் பெட்டியின் நிலையைச் சரிபார்க்கும் பொருட்டு, மின் இணைப்பு உள்ள இடத்துக்குத் தற்காலிகமாக மாற்றலாம்.' கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி மோட்டார் அறைக்குப் போனது. தோட்டக்காரர் தன் குழாய்களை எடுத்துக்கொண்டு எங்களைச் சபித்தார். சரிபார்க்கும் நிபுணர் என்ற பெயரில் அக்காவின் வீட்டுக்காரரே வந்தார். பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் விரல்கள் பரபரத்ததை நானே பார்த்தேன்.

"என்னங்க, தயவுசெஞ்சு சரி பண்ணிடாதீங்க," என்றார் அக்கா.

"ஒரு ஸ்க்ரூதான். லேசாத் திருப்பினா..."

"வேண்டாம்னா வேண்டாம். கையை எடுங்க."

அவர் மனசே இல்லாமல் எழுந்தார். கதவு ரப்பரைப் பழையபடி தொங்கும்படியாகவே அமுக்கிவிட்டு, பிளக்கைச் சொருகி, வெப்பமானியை உள்ளே வைத்தார். மறுநாள் காலை பத்தரை டிகிரி.

அதே வயல், அதே நாள், அதே கையால் அறுத்த கதிர்கள். பாதியைப் புதுப்பெட்டியிலும் பாதியைப் பழைய பெட்டியிலும் அக்கா வைத்தார். பத்து நாள் கழித்து இரண்டையும் எடுத்துத் தட்டுகளில் போட்டார். பழைய பெட்டிக் கதிர்கள் வந்த தட்டுகளின் மூடியில் 'ப.பெ.' என்று சின்னதாக எழுதினார். குறிப்பாணைக்கு விளக்கமும் எழுதினார், ஒரே வரி: 'காரணத்தைச் சோதித்து வருகிறேன்.' அது சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு வைக்கப்பட்டு, அவர் விடுப்பில் இருந்ததால் அங்கேயே உறங்கியது. நல்ல வேளை.

மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் வழி நெடுகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் தேநீர் எப்போது என்று கவலைப்படுகிற ரகம். நான்காவது ஓர் அம்மையார், குட்டை முடி, கழுத்தில் கயிற்றில் கட்டிய கண்ணாடி. கேள்வி கேட்கிற ரகம். துறைத் தலைவர் வெளிச்ச அறைக்கு அழைத்துப் போய், வெள்ளைச் செடிகளின் முன் நின்று, அவை எப்படி அடிப்படை அறிவியலுக்கு அரிய வாய்ப்பு என்று கால் மணி நேரம் உருக்கமாகப் பேசினார். அக்கா சுவரோரம் நின்றிருந்தார். மாணவர்கள் மூச்சு விடாமல் நின்றிருந்தார்கள்.

அம்மையார் நடுவில் கேட்டார். "அந்தக் கீழ்த் தட்டுல பச்சையா ஏதோ தெரியுதே?"

கீழ் அலமாரியில் பதினேழு தட்டுகள். எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் ஒன்பதில் பச்சை. துறைத் தலைவருக்கே அது புதுச் செய்தி. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"அதுவும் நம்மளோடதுதான் மேடம். மேம்பட்ட முறை."

"மூடில 'ப.பெ.'ன்னு இருக்கே?"

"அது... 'பருவப் பெயர்ச்சி'. நானே வெச்ச கலைச்சொல்."

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டைத் தூக்கிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். அறையைச் சுற்றிப் பார்த்து, மேலங்கியில் கறைபட்டுச் சுவரோரம் நின்ற ஒரே ஆளிடம் கேட்டார். "இது உங்க எழுத்தாம்மா? 'ப.பெ.'ன்னா என்ன?"

அக்கா துறைத் தலைவரைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார், எந்தப் பக்கம் என்று யாருக்கும் புரியாதபடி.

"பழைய பெட்டிங்க மேடம்."

"எந்தப் பெட்டி?"

"வாங்க, காட்டறேன்."

அப்படியாக மதிப்பீட்டுக் குழு, இயக்குநர், துறைத் தலைவர், மாணவர்கள் எல்லாரும் அக்காவின் பின்னால் வரிசையாக மோட்டார் அறைக்கு நடந்தார்கள். சுண்ணாம்புக் கோடு அந்தப் பக்கம் போகவில்லை. சேற்றில்தான் போக வேண்டியிருந்தது. தொங்கும் ரப்பர், 'பயனற்றது' முத்திரை, கடகடவென்ற சத்தம். அம்மையார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து வெப்பமானியைப் படித்தார். நோட்டைக் கேட்டார். அங்கேயே, மோட்டார் சத்தத்தில், இரண்டு வருடத்துப் பக்கங்களையும் புரட்டினார். அக்கா பக்கத்தில் குந்தி ஒவ்வொரு கோடாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அவ்வளவு நேரம் அக்கா பேசி யாரும் கேட்டதில்லை. மற்ற மூவரும் தேநீரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கடைசியில் அம்மையார் எழுந்து துறைத் தலைவரைத் திரும்பிப் பார்த்து, "கட்டுரைல நாலுன்னு இருக்கே?" என்றார்.

"அச்சுப்பிழை மேடம்," என்றார் அவர். சட்டென்று வந்த அந்தப் பதிலை நான் இன்றும் வியக்கிறேன்.

அந்த மாதமே 'திருத்தம்' என்று ஒன்று அச்சானது: நாலு என்பதைப் பத்து முதல் பதினொன்று என்று படிக்கவும். அடுத்த கட்டுரையில் அம்மையாரின் வற்புறுத்தலால் அக்காவின் பெயர் வந்தது, ஒன்பது பேரில் ஒன்பதாவதாக, ஓர் எழுத்து குறைவாக. அந்தக் கட்டுரையின் பிரதி அக்கா கைக்கு வந்த அதே தபாலில் இன்னொரு குறிப்பாணையும் வந்தது: பயனற்றது என அறிவிக்கப்பட்ட பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்தியது ஏன்? எனக்கும் ஒரு பிரதி. நாங்கள் இருவரும் ஒரே மாதிரி விளக்கம் எழுதிக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை.

வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அம்மையார் பரிந்துரைத்தார். விதியைப் புரட்டினார்கள். நிரந்தரமாக வேண்டுமானால் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு நாற்பத்து மூன்று. முப்பத்தைந்தாக இருந்தபோது ஏன் செய்யவில்லை என்று நான் கேட்டேன். அப்போது அவர் பாட்டில் கழுவுபவர் என்றே பதிவாம். அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "பரவால்ல சார். என்னை நிரந்தரமாக்கிட்டா அப்புறம் வேலை யார் பாக்கறது?" அன்றும் இரண்டாயிரம் பை எடுத்தார். புதுப்பெட்டியைப் பத்தில் நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார் வீட்டுக்காரர். இந்தத் தடவை முறையான உத்தரவோடு.

பச்சைச் செடிகள் மண்ணுக்குப் போயின, விதை கட்டின, உப்பு வயல்களில் சோதனைக்குப் போயின. அதற்கே ஐந்து வருடம் பிடித்தது. தாவலில் மிச்சம் பிடித்த காலத்தையெல்லாம் அனுமதிகள் சாப்பிட்டுவிட்டன. பெயருக்குப் பதில் ஓர் எண்ணோடு ரகம் வெளியானது. வெளியீட்டு விழாவுக்கு அக்காவால் வர முடியவில்லை. அன்றைக்குத்தான் வயலில் ஒரு புது ஒட்டின் கதிர் சரியான பதத்துக்கு வந்திருந்தது. விழாவை ஒத்திவைக்கலாம், கதிரை ஒத்திவைக்க முடியாது. துறைத் தலைவர் சால்வையோடு ஓய்வுபெற்றார்.

அடுத்த வருடம் அக்காவின் வீட்டுக்காரருக்குக் கடலோரத்தில் மீன் வைக்கும் குளிர் அறை ஒன்றைப் பழுது பார்க்க அழைப்பு வந்தது. கடலைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டார். வழியில், உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாகக் கிடந்த நிலத்தின் நடுவே ஒரு திட்டுப் பச்சை. அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

கதிர் முற்றிய பிறகும் இலை பச்சையாகவே நின்ற பயிர். வரப்பில் ஒரு விவசாயி அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது என்ன ரகம்?"

அவர் எண்ணைச் சொன்னார்.

அக்கா வயலில் இறங்கினார். தட்டில் அரை விரல் உயரத்தில் பார்த்த இலை இங்கே ஏக்கர் கணக்கில் நின்றது. நடுவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டுக்காரர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன நினைத்தாரோ, ஹார்ன் அடிக்காமல் இருந்தார்.

"உங்களுக்கு இதப் பத்தித் தெரியுமா?" என்றார் விவசாயி.

"கொஞ்சம் தெரியும். நான் வேலை பாக்கற எடத்துலதான் பண்ணினது."

விவசாயி அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் இந்த நெல்லைப் பற்றி யாராவது அவரிடம் நேராக ஒரு வார்த்தை சொல்லப்போவது இதுதான் முதல் தடவை.

"நல்லதாப் போச்சு, ஆளு கிடைச்சீங்க," என்றார் விவசாயி. "நெல்லு குறை சொல்ல முடியாது. எங்கப்பா காலத்துலேருந்து இந்த மண்ணுல ஒண்ணும் விளைஞ்சதில்ல. ஆனா ஏம்மா, இவ்வளவு குட்டையாவா பண்ணுவாங்க? வைக்கோல் ஒரு கட்டு தேற மாட்டேங்குது. மாட்டுக்கு நான் எதைப் போடறது? உங்க மேலதிகாரிகிட்ட சொல்லி வைங்க."

அக்கா சிரிக்கவில்லை. "எவ்வளவு உயரம் வேணும்ணே?" என்று கேட்டார். அவர் எழுந்து நின்று தன் இடுப்புக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். அக்கா பைக்குள் துழாவிப் பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.